பால் கொடுக்கும்போதே மாதவிடாய் நாள் வந்துவிட்டது, பாலை நிறுத்தச் சொல்கிறார்கள்

பாலக்கோடு_பாப்பா_அம்மா:

எல்லோருக்கும் வணக்கம். பாப்பாவுக்கு எட்டு மாதம் முடிந்து ஒன்பதாவது நடக்கிறது. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும்தான், அப்புறம் கேழ்வரகுக் கூழ், பருப்பு சாதம், வாழைப்பழம் என்று ஒவ்வொன்றாக ஆரம்பித்தோம். இப்போது மூன்று வேளையும் சாப்பிடுகிறாள், ராத்திரியில் முன்புபோல எழுந்திருப்பதும் இல்லை. போன மாதம் திடீரென்று நாள் வந்துவிட்டது, பிரசவத்துக்கு அப்புறம் இதுதான் முதல் தடவை. அடுத்தது ஒரு வாரத்துக்கு மேல் தள்ளி வந்தது, ரத்தப்போக்கும் கல்யாணத்துக்கு முன்பு இருந்ததைவிட அதிகம்.

அதைக்கூட சமாளித்துவிடுவேன். ஆனால் தூரமான நாளில் கொடுப்பது கெட்ட பால், குழந்தைக்கு பேதியாகும், இதோடு மறக்கடித்துவிடு என்று அத்தை சொல்கிறார். அத்தை கெட்டவர் இல்லை, பாப்பாவை முக்கால்வாசி நேரம் அவர்தான் வைத்திருக்கிறார். எங்கள் வீட்டில் அந்த மூன்று நாளும் நான் பின்கட்டு அறையில்தான் இருக்க வேண்டும். பாப்பா அழுதால் என்னிடம் கொண்டுவந்து விடுவார், குடித்து முடித்ததும் சட்டை, ஜட்டி எல்லாவற்றையும் கழற்றி வாசப்படியிலேயே போட்டுவிட்டு வெறும் உடம்போடு உள்ளே தூக்கிக்கொண்டு போவார். ஒவ்வொரு தடவையும் இந்த வேலை இருப்பதால் பகலில் ரெண்டு மூன்று தடவைக்கு மேல் கொண்டுவருவதில்லை, மீதி நேரத்துக்குக் கூழும் பால் பவுடரும்தான். அந்த நாட்களில் எனக்கு உண்மையாகவே பால் குறைகிறது, மார்பு தளர்ந்து போய்விடுகிறது, பாப்பா வாய் வைத்து இழுத்துப் பார்த்துவிட்டு அழுகிறாள். பார்த்தாயா, ருசி மாறிப்போச்சு, அதான் குழந்தைக்கே பிடிக்கவில்லை என்கிறார் அத்தை.

இன்னொரு விஷயம், ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறேன், சம்பளத்தோடு கொடுத்த லீவு முடிந்து இப்போது சம்பளமில்லாத லீவில் ஓடுகிறது, அடுத்த மாதம் போயே ஆக வேண்டும். கம்பெனி பஸ் ராயக்கோட்டை வழியாகப் போகும், விடிவதற்கு முன்னால் ஏறினால் திரும்ப சாயங்காலம்தான். எப்படியும் குறைக்கத்தானே போகிறோம், இப்போதே நிறுத்திவிடலாமா? பால் நிஜமாகவே கெட்டுப்போகுமா? நாள் இப்படி முன்னே பின்னேதான் வருமா? வீட்டுக்காரர் பெங்களூரிலிருந்து வாரம் ஒருமுறை வருவார், பால் கொடுக்கிற வரைக்கும் கரு நிற்காது என்று தைரியமாக இருந்தோம், இப்போது அதுவும் பயமாக இருக்கிறது.

ஊத்தங்கரை_கவி:

சிஸ்டர், எனக்கு மூத்தவனுக்கு ஒன்றரை வயசு ஆகும் வரை நாளே வரவில்லை. சின்னவளுக்கு மூன்றாவது மாதமே வந்துவிட்டது, அவளும் தாய்ப்பால் மட்டும்தான் குடித்தாள். ஒரே உடம்புக்கே ரெண்டு விதமாக நடக்கும். ரெண்டு பேருக்கும் ரெண்டு வயசு வரை கொடுத்தேன், ஒரு பேதியும் இல்லை. பயப்படாதீர்கள்.

பென்னாகரம்_செவிலியர்:

தங்கச்சி, நான் கிராம செவிலியராக இருந்து ரிட்டயர் ஆனவள். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

பால் கெடாது. தூரமான நாளில் கொடுப்பதும் அதே பால்தான். உப்புச் சுவை லேசாகக் கூடலாம், அதில் குழந்தைக்கு ஒரு கெடுதலும் இல்லை. இந்த வயசில் பேதி வந்தால் பெரும்பாலும் அதற்குக் காரணம் கழுவாத பாட்டில், காலையில் கரைத்து மத்தியானம் வரை வைத்திருக்கும் பால் பவுடர், தவழுகிற குழந்தை தரையிலிருந்து எடுத்து வாயில் போடுவது, இவைதான். பழி மட்டும் அம்மாவின் பால்மேல் விழுகிறது.

பால் குறைவதாக எழுதியிருக்கிறாய், அது நிஜமாக இருக்கும். ஆனால் அதற்கு முக்கியமான காரணம் அந்தச் சட்டை கழற்றுகிற வேலைதான் என்று எனக்குத் தோன்றுகிறது. குழந்தை சப்பச் சப்பத்தான் பால் ஊறும். மற்ற நாளில் பகலில் ஆறு ஏழு தடவை குடிக்கிறவளை மூன்று நாள் ரெண்டு தடவையோடு நிறுத்தி, நடுவில் பவுடரையும் ஊற்றினால், நாள் வராத பொம்பளைக்கும் பால் குறையத்தான் செய்யும். இதில் உடம்பின் பங்கும் கொஞ்சம் உண்டு. கருமுட்டை வெடிக்கும் சமயத்திலிருந்து போக்கு ஆரம்பித்து ஓரிரு நாள் வரை சிலருக்குப் பால் கொஞ்சம் இறங்கும், காம்பு வலிக்கும், குழந்தை சிணுங்கும். எல்லோருக்கும் இப்படி ஆகாது. அந்த நாட்களில் வழக்கத்தைவிட அடிக்கடி போட்டால் தானாகவே ஏறிவிடும், உங்கள் வீட்டிலோ அந்த நாட்களில்தான் குறைக்கிறீர்கள்.

அத்தையோடு சண்டை போடாதே. உன் அறையிலேயே பாப்பாவுக்குத் தனித் துணி, தனிப் பாய் வைத்துக்கொள், மூன்று நாளும் பகல் முழுக்க அவள் உன்னோடேயே இருக்கட்டும், சாயங்காலம் ஒரே தடவையாகக் குளிக்க வைத்து உள்ளே தூக்கிப் போகட்டும். அவர் வழக்கமும் கெடாது, உன் பாலும் குறையாது. நான் வேலை பார்த்த ஊர்களில் பல மாமியார்களை இப்படித்தான் வழிக்குக் கொண்டுவந்தேன், தீட்டு பொய் என்று ஆரம்பித்த வீட்டில் எனக்குத் தண்ணீர்கூடக் கொடுத்ததில்லை.

நாள் ஏன் திரும்பியது என்று கேட்டால், குழந்தை சப்பும்போது புரோலாக்டின் என்ற ஹார்மோன் ஏறும், பாலைச் சுரக்க வைப்பது அதுதான். அதே சப்புதல் கருமுட்டையை முதிர வைக்கிற ஹார்மோன்களை அடக்கியும் வைக்கும், முட்டை முதிராததால் நாள் வராது. குழந்தை ராத்திரி தூங்க ஆரம்பித்து, வயிறு கூழிலும் சோற்றிலும் நிறைய ஆரம்பித்தால் சப்புவது குறையும், அந்த அடக்கமும் தளரும். உனக்கு நடந்தது அதுதான். முதல் சில மாதம் நாள் முன்னே பின்னே வருவதும், ஒன்று அதிகமாகவும் அடுத்தது குறைவாகவும் போவதும் சகஜம், சிலதில் முட்டையே வெடித்திருக்காது. ஆனால் ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் முழுக்க நனைந்து அடுத்த மணி நேரமும் அப்படியே போனாலோ, பெரிய பெரிய கட்டியாக விழுந்தாலோ, ஏழு நாளைத் தாண்டினாலோ, நாற்றமும் காய்ச்சலும் இருந்தாலோ வீட்டில் உட்கார்ந்திருக்கக் கூடாது.

இப்போது கரு நிற்காது என்ற தைரியத்துக்கு வருகிறேன். இந்த நம்பிக்கையில்தான் நம் பக்கம் ரெண்டாவது குழந்தை கைக்குழந்தை மேலேயே வந்து நிற்கிறது. தாய்ப்பால் கர்ப்பத்தைத் தடுக்கும் என்பது உண்மைதான், அதற்கு மூன்று விஷயம் சேர்ந்திருக்க வேண்டும். குழந்தைக்கு ஆறு மாதம் தாண்டியிருக்கக் கூடாது. தாய்ப்பால் மட்டுமே கொடுக்க வேண்டும், அதுவும் பகலில் நாலு மணி நேரம், ராத்திரியில் ஆறு மணி நேரத்துக்கு மேல் இடைவெளி விடாமல். நாள் திரும்பியிருக்கக் கூடாது. மூன்றும் இருந்தால் நூற்றுக்கு 98 பேருக்குமேல் பாதுகாப்பு, ஒன்று போனாலும் அந்தக் கணக்கு செல்லாது. உனக்கு மூன்றுமே போய்விட்டது. இதைப் படிக்கிற மற்றவர்களும் கேட்டுக்கொள்ளுங்கள், நாள் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள், முதல் நாள் வருவதற்கு முன்னாலேயே முட்டை வெடித்துவிடலாம், குளிக்காமலே, அதாவது நாளே வராமல், உண்டாகிறவர்கள் அப்படித்தான் உண்டாகிறார்கள்.

அரூர்_சரசு:

எல்லாம் சரி, ஆனால் ஒரு உடம்பில் ரத்தமும் போய் பாலும் போனால் அந்தப் பொண்ணு என்னத்துக்கு ஆவாள்? எங்கள் அம்மா காலத்தில் வேப்பெண்ணெயைத் தடவி ரெண்டே நாளில் மறக்கடித்துவிடுவார்கள், குழந்தையும் சோறு நன்றாகச் சாப்பிடும். வேலைக்குப் போகிற பொண்ணு, எதற்கு இழுத்துக்கொண்டு கிடக்க வேண்டும்.

பென்னாகரம்_செவிலியர்:

சரசு அக்கா, ரத்தம் போகிறது என்று சொன்னீர்களே, அது சரியான பேச்சு. அதற்குப் பாலை நிறுத்த வேண்டியதில்லை, ரத்தத்தைப் பார்க்க வேண்டும். பாப்பா அம்மா, ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் பார்த்துக்கொள், 12-க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. பிரசவத்துக்கு அப்புறம் 180 நாளைக்கு இரும்புச்சத்து மாத்திரை கொடுத்திருப்பார்கள், அதில் எத்தனை அட்டை பரண்மேல் கிடக்கிறது என்று உனக்குத்தான் தெரியும். டீ, காபி குடித்த கையோடு போடாதே, சுண்ணாம்புச் சத்து மாத்திரை இருந்தால் அதையும் இதையும் சேர்த்துப் போடாதே, ரெண்டுக்கும் நடுவே ரெண்டு மணி நேரமாவது விடு. சிலர் தூரமாகிற சமயத்தில் பால் குறைவதற்குக் கால்சியம் நல்லது என்பார்கள், பெரிய ஆதாரம் எதுவும் இல்லை. எப்படியும் நம் ஊர்க் களியில் கால்சியத்துக்குக் குறைச்சல் இல்லை, 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. களியோடு முருங்கைக்கீரையைக் கடைந்து போட்டுச் சாப்பிடு, அங்கன்வாடி சத்துமாவை மாட்டுக்குக் கரைக்காதே.

வேப்பெண்ணெய் வேண்டாம். திடீரென்று நிறுத்தினால் பால் கட்டிக்கொள்ளும், மார்பு கல்லாகி, சிவந்து, காய்ச்சல் வந்து, சிலருக்குச் சீழ் வைத்து ஆபரேஷன் வரைக்கும் போகும். ஒன்பது மாதக் குழந்தையும் ஒரே நாளில் எல்லாவற்றையும் இழந்ததுபோல ஏங்கிப்போகும்.

காவேரிப்பட்டணம்_மல்லி:

பால் கட்டினால் மல்லிகைப்பூ வைத்துக் கட்டினால் வற்றிவிடும். எங்கள் வீட்டில் பூ வியாபாரம், இதற்கென்றே வந்து கேட்டு வாங்கிப் போவார்கள். வெறும் பாட்டி வைத்தியம் என்று நினைக்காதீர்கள், 1988-ல் வேலூர் சி.எம்.சி. டாக்டர்களே இதை ஆராய்ச்சி செய்திருக்கிறார்கள், அப்போது பாலை வற்ற வைக்கக் கொடுத்துக்கொண்டிருந்த புரோமோகிரிப்டின் மாத்திரையோடு ஒப்பிட்டுப் பார்த்ததில், புரோலாக்டினை மாத்திரை அதிகமாக இறக்கினாலும் பால் வற்றுவதில் பூவும் அதற்குச் சமமாக வேலை செய்தது என்று எழுதினார்கள்.

பென்னாகரம்_செவிலியர்:

மல்லி சொல்வது சரிதான், அதனால்தான் பால் வேண்டும் என்கிறவர்கள் அதைக் கிட்டே சேர்க்கக் கூடாது. அது முழுசாக நிறுத்த வேண்டியவர்களுக்கு, குழந்தை தவறிப்போன தாய்க்குத்தான் எங்கள் பக்கம் கட்டுவார்கள். தலையில் ஒரு முழம் வைத்துக்கொள், போதும்.

பாலக்கோடு_பாப்பா_அம்மா:

ரொம்ப நன்றி அக்கா. பாயும் துணியும் தனியாக வைக்கிற யோசனையை அத்தையிடம் சொன்னேன், ரெண்டு நாள் ஒன்றும் பேசவில்லை, அப்புறம் அவரே பழைய புடவை ஒன்றைக் கிழித்து நாலாக மடித்துப் பின்கட்டில் கொண்டுவந்து போட்டிருக்கிறார். அடுத்த நாள் வரும்போதுதான் தெரியும். பால் பவுடர் பாட்டிலையும் நிறுத்திவிட்டு டம்ளரில் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். வேலைக்குப் போனால் என்ன செய்வது என்று மட்டும் யாராவது சொல்லுங்கள், அங்கே பெண்கள் அதிகம், ஆனால் பால் எடுக்கிறேன் என்று யாரும் கேட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை.

ஓசூர்_ஷிப்ட்_அம்மா:

இது என் ஏரியா. நானும் ஓசூரில் அசெம்பிளி லைனில்தான் இருக்கிறேன், பையனுக்கு இப்போது ஒன்றே முக்கால் வயசு, காலையிலும் ராத்திரியிலும் இன்னும் குடிக்கிறான்.

முதலில் சட்டம். 26 வாரம் லீவு தருவது 2017-ல் திருத்தியது, அது எல்லோருக்கும் தெரியும். தெரியாதது, 1961-ல் வந்த மகப்பேறு சட்டத்திலிருந்தே இருப்பது, குழந்தைக்கு 15 மாதம் ஆகும் வரை வழக்கமான இடைவேளை போக தினமும் ரெண்டு இடைவேளை பால் கொடுப்பதற்காகத் தர வேண்டும். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் குழந்தைகள் காப்பகமும் இருக்க வேண்டும், நாளைக்கு நாலு தடவை போய்ப் பார்க்க விட வேண்டும். பாலக்கோட்டிலிருந்து விடியற்காலை பஸ்ஸில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வர முடியாது என்பது வேறு விஷயம், ஆனால் அந்த ரெண்டு இடைவேளையைப் பால் எடுக்கக் கேட்கலாம். நான் எங்கள் ஹெச்.ஆர். மேடத்திடம் எழுதிக் கேட்டேன். வாயால் கேட்டபோது சிரித்தார்கள், எழுத்தில் கொடுத்ததும் முதலுதவி அறைச் சாவியைக் கொடுத்தார்கள். கதவில் தாழ்ப்பாள் இல்லை, தோழி ஒருத்தி வெளியே நின்று காவல் காப்பாள், அப்படித்தான் ஓட்டினேன்.

கையாலேயே பீய்ச்சலாம், பம்ப்பும் கிடைக்கிறது. வெளியில் வைத்தால் நாலு மணி நேரம்தான், அதுவும் 25 டிகிரி வெயிலுக்குச் சொன்ன கணக்கு, ஓசூருக்குப் பரவாயில்லை, பாலக்கோட்டில் சித்திரை மாதத்தில் அதை நம்பாதீர்கள். ஐஸ் பேக் போட்ட பையில் ஒரு நாள் தாங்கும், ஃபிரிட்ஜில் நாலு நாள். எடுத்ததை வீட்டுக்குக் கொண்டுவந்து மறுநாளைக்கு அத்தை கையில் கொடுத்துவிடுங்கள், கொதிக்க வைக்கக் கூடாது, வெந்நீரில் பாத்திரத்தை வைத்துச் சூடு காட்டினால் போதும் என்று நாலு தடவை சொல்லிவிட்டுப் போங்கள், என் அம்மா அடுப்பில் ஏற்றி பொங்க வைத்துவிட்டார்.

வேலைக்குச் சேர்வதற்கு மூன்று நாலு வாரம் முன்னாலிருந்தே நடுப்பகல் வேளையைக் குறையுங்கள், ஒரு வேளையை விட்டு, மார்பு பழகியதும் அடுத்தது, ஒவ்வொன்றுக்கும் சில நாள் விட்டு. விடிகாலை, சாயங்காலம் வந்ததும், தூங்கப் போகும்போது, இந்த மூன்றையும் விடாதீர்கள். நாளைப் பற்றி ஒரு விஷயம், வேளை குறையக் குறைய என் நாள் ஒழுங்குக்கு வந்துவிட்டது, அதற்கு முன்னால் நாற்பது நாளுக்கு ஒரு தடவையும் வந்தது, மூன்று வாரத்திலும் வந்தது. கூடவே மனசும் ஒரு மாதிரி ஆகும், பால் குறைக்கிற வாரங்களில் காரணமில்லாமல் அழுகை வந்தது, ஹார்மோன் இறங்குவதால் அப்படி ஆகலாம் என்று டாக்டர் சொன்னார். அது ரெண்டு வாரத்துக்கு மேல் நீடித்தாலோ, தூக்கமே போய்விட்டாலோ டாக்டரிடம் சொல்லுங்கள்.

ஊத்தங்கரை_கவி:

பாலை முழுசாக நிறுத்தின பிறகும் நாள் வராவிட்டால் எத்தனை நாள் பார்க்கலாம்? என் நாத்தனார் நிறுத்தி ரெண்டு மாதமாகிறது, அவளுக்கு இன்னும் வரவில்லை.

பென்னாகரம்_செவிலியர்:

சிலருக்கு ஒன்று ரெண்டு மாதம் ஆகும். ஆனால் உன் நாத்தனார் இன்றைக்கே காலையில் முதல் சிறுநீரில் கர்ப்பம் பார்க்கிற கார்டு டெஸ்ட் பார்க்கட்டும், தள்ளிப்போடுவதற்கு எதுவும் இல்லை. கர்ப்பம் இல்லை என்று தெரிந்து, நிறுத்தி மூன்று மாதமும் வரவில்லை என்றால் டாக்டரைப் பார்க்க வேண்டும், தைராய்டு, ரத்தசோகை, உடம்பு ரொம்ப இளைத்துப்போனது என்று பல காரணம் இருக்கும். பிரசவத்தில் ரத்தம் மிக அதிகமாகப் போய், அப்புறம் பாலும் சுரக்காமல், நாளும் வராமல், எப்போதும் அசதியாகவே இருக்கிறவள் என்றால் மூன்று மாதம்கூடக் காத்திருக்கக் கூடாது. அதிர்ச்சியில் மூளைக்கு அடியில் இருக்கிற பிட்யூட்டரி சுரப்பி பாதிக்கப்பட்டிருக்கலாம், அரிதுதான், ஆனால் வருஷக்கணக்கில் சோம்பேறி என்று பேர் வாங்கிய பொம்பளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

பாப்பா அம்மா, கருத்தடை பற்றி உள்பெட்டியில் கேட்டிருந்தாய், எல்லோருக்கும் உதவும் என்று இங்கேயே எழுதுகிறேன். பால் கொடுக்கிறவர்களுக்கு அரசு மருத்துவமனையிலேயே இலவசமாகப் பல வழி இருக்கிறது. கர்ப்பப்பையில் வைக்கிற காப்பர் டி பாலைத் தொடாது, ஆனால் போக்கைக் கொஞ்சம் கூட்டும், உனக்கு ஏற்கெனவே அதிகம் என்கிறாய், ஹீமோகுளோபின் பார்த்துவிட்டு முடிவு செய். அந்தரா ஊசி மூன்று மாதத்துக்கு ஒன்று, பிரசவமாகி ஆறு வாரத்துக்கு மேல் போடலாம், நாள் தாறுமாறாகும், அப்புறம் நின்றும் போகலாம், அதற்காகப் பயப்பட வேண்டாம், நிறுத்தினபிறகு அடுத்த குழந்தை உண்டாகச் சில மாதம் பிடிக்கும். சாயா மாத்திரையில் ஹார்மோன் கிடையாது, பாலையும் பாதிக்காது. நாள் வந்த முதல் நாள் ஆரம்பித்து முதல் மூன்று மாதம் வாரத்துக்கு ரெண்டு, ஞாயிறு ஆரம்பித்தால் ஞாயிறும் புதனும், அப்புறம் வாரத்துக்கு ஒன்று. இதில் நாள் தள்ளிப்போகும், பதினைந்து நாளுக்கு மேல் தள்ளினால் டெஸ்ட் பார்த்துக்கொள். மாலா-என் மாதிரி மாத்திரையில் ஈஸ்ட்ரோஜன் இருக்கிறது, பால் குறையலாம் என்பதால் முதல் ஆறு மாதம் கொடுக்க மாட்டோம், உனக்கு அந்தக் கட்டம் தாண்டிவிட்டது, இருந்தாலும் பால் வேண்டும் என்கிறவளுக்கு நான் அதை முதலில் சொல்ல மாட்டேன். சினைப்பை நீர்க்கட்டி, மஞ்சள்காமாலை ஏதாவது முன்னால் வந்திருந்தால் சாயா கேட்பதற்கு முன் டாக்டரிடம் அதைச் சொல்லிவிடு. வீட்டுக்காரர் இந்த வாரம் வருகிறார் என்றால் எதுவும் ஆரம்பிக்கும் வரைக்கும் ஆணுறை, அது சுகாதார நிலையத்திலேயே பெட்டியில் வைத்திருப்பார்கள், யாரிடமும் கேட்காமல் எடுத்துக்கொள்ளலாம்.